'ஸ்மோக்லெஸ்' ஃபயர் பிட் வாங்கப் போறீங்களா? புகை குறையும், ஆனால் எந்த ஊரில், எந்த விறகில்?

டிசம்பர் வந்துவிட்டால் குருகிராம் மொட்டை மாடியோ, பெங்களூரு வில்லாவின் பின்கட்டோ, கூர்க் ஹோம்ஸ்டேயோ, இன்ஸ்டா ரீல்களில் ஒரே பொருள்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பளபளவென்று ஒரு ஸ்டீல் உருளை, அதன் வாயில் வட்டமாகச் சுழலும் நெருப்பு, சுற்றிலும் நான்கு நாற்காலி. கண்ணைக் கசக்கிக்கொண்டு யாரும் இடம் மாறி உட்காருவதில்லை. புகையே தெரியவில்லை. விலையைப் பார்த்து கார்ட்டில் போட்டு வைத்திருப்பீர்கள். 'ஸ்மோக்லெஸ்' என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார், குழந்தைக்கு இருமல் வராது என்ற நம்பிக்கையும் இருக்கும்.

அந்தச் சொல்லில் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு வாங்கினால் நல்ல பொருள். தெரியாமல் வாங்கினால் காசு நஷ்டம் மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்தாகும் ஒரு சூழ்நிலையும் இதில் இருக்கிறது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

புகை எங்கே போகிறது?

புகை என்பது எரியாமல் தப்பித்த விறகு. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

காய்ந்த விறகின் எடையில் சுமார் 80 சதவீதம் சூட்டில் வாயுவாகவும் ஆவியாகவும் வெளியேறிவிடும். மீதி ஐந்தில் ஒரு பங்குதான் கரித்துண்டு. நாம் பார்க்கும் தீ ஜுவாலை அந்த வாயு எரிவதுதான். போதுமான சூடும் காற்றும் கிடைக்காத வாயு எரியாமலே மேலே போய், குளிர்ந்து, நுண்துகளாக மாறுகிறது. கண்ணில் எரிவது அது.

ஸ்மோக்லெஸ் பிட்டில் இரண்டு சுவர். வெளிச்சுவரின் அடியில் துளைகள். உள்சுவரின் வாய்க்குச் சற்றுக் கீழே இன்னொரு வரிசைத் துளைகள். அடியில் நுழையும் காற்றில் ஒரு பங்கு நேராக விறகுக்குப் போகிறது. இன்னொரு பங்கு இரண்டு சுவருக்கும் நடுவில் சூடாகிக்கொண்டே ஏறி, மேல் துளைகள் வழியே உள்ளே பாய்கிறது. எரியாமல் தப்பிக்கப் பார்த்த வாயுவை அந்தச் சூடான காற்று வாசலிலேயே மறித்து எரித்துவிடுகிறது. நன்றாகப் பிடித்துக்கொண்ட பிட்டைப் பார்த்தால், மேல் துளை ஒவ்வொன்றிலிருந்தும் கேஸ் அடுப்பு போலத் தீ வருவது தெரியும்.

இது அமெரிக்காவின் கொல்லைப்புறத்தில் பிறந்த ஐடியா என்று நினைக்க வேண்டாம். ஏழை நாடுகளின் சமையலறைப் புகையைக் குறைக்கும் முயற்சியிலிருந்து வந்தது. விறகை வாயுவாக்கி மேலே எரிக்கும் அடுப்பை 1980-களில் வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் ரீட். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் பிபி நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய 'ஊர்ஜா' அடுப்பும் இதே குடும்பம். 2000-களின் பிற்பகுதியில் கர்நாடகம், மகாராஷ்டிரம் உள்ளிட்ட மாநிலங்களில் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது. எரிபொருள் பெல்லட் விலை ஏறியதும் துவண்டுபோனது. இன்றைக்கு வீக்எண்ட் அலங்காரமாக விற்பது அந்த அடுப்பின் பணக்கார உறவினர்.

இந்தச் சந்தையைப் பெரிதாக்கியது அமெரிக்காவின் சோலோ ஸ்டவ் நிறுவனம். 2023 நவம்பரில் ராப் பாடகர் ஸ்னூப் டாக் "புகையை விடுகிறேன்" என்று அறிவித்து உலகமே அதிர்ந்ததே, நினைவிருக்கிறதா? அது இந்த ஃபயர் பிட்டுக்கான விளம்பரம்தான். பிரியோ, பயோலைட் ஆகியவை மற்ற பிரபல பெயர்கள். பயோலைட் மாடலில் பேட்டரி ஃபேன் ஒன்று காற்றை உள்ளே தள்ளும். நம் ஊரில் கிடைப்பவற்றில் நிறைய இதே வடிவத்தை உள்ளூர் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் செய்து தருபவை. அதில் தவறில்லை, வடிவம் சரியாக இருந்தால் போதும்.

அப்போ புகையே வராதா?

வரும். பற்றவைத்த முதல் பத்து, பதினைந்து நிமிடம் வரும், ஏனென்றால் சுவர் இன்னும் சூடாகவில்லை. அணையும்போது வரும். ஈர விறகு போட்டால் கடைசி வரை வரும். மேல் துளையை மறைக்கும் அளவுக்கு விறகை அடுக்கினால் வரும். பலத்த காற்றடித்தால், தீ வட்டம் கலைந்து அப்போதும் வரும்.

கண்ணுக்குத் தெரியாத பிஎம் 2.5 துகள்கள் தனிக் கதை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வீட்டு ஃபயர்பிளேஸில் ஒரு கிலோ விறகு எரிந்தால் சுமார் 17 கிராம் துகள் வெளிவரும் என்று தன் கணக்கீடுகளுக்கு வைத்திருக்கிறது. மணிக்கு மூன்று கிலோ எரித்தால் 51 கிராம். உங்கள் ஸ்மோக்லெஸ் பிட் அதில் 80 சதவீதத்தை எரித்துவிடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இது என் அனுமானம்தான். எந்த மாடலின் சோதனை முடிவும் அல்ல. மீதி 10 கிராம்.

கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் இந்தியாவின் 24 மணி நேர பிஎம் 2.5 வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். 10 கிராம் என்பது ஒரு கோடி மைக்ரோகிராம். சுத்தமான காற்றை அந்த வரம்பு வரை அழுக்காக்க, இந்தப் 10 கிராம் சுமார் 1 லட்சத்து 67 ஆயிரம் கனமீட்டருக்குப் போதும். 30-க்கு 40 அடி மனையின் மேலே ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்றுத் தூண் ஒன்றை நிறுத்தினால் எவ்வளவோ, அவ்வளவு. ஒரு மணி நேரத்துக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 15 மைக்ரோகிராம்தான். அதை வைத்துப் பார்த்தால் தூண் நான்கு மடங்கு.

காற்று வீசும் இடத்தில் இது கலைந்து போய்விடும். குளிர்கால இரவில் காற்று அசையாமல் தரையோடு படிந்து நிற்கும் ஊரில் எங்கும் போகாது. ஆக, எந்த மாடல் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஊர் என்பதுதான்.

உங்கள் ஊருக்குச் சரிப்படுமா?

டெல்லி, குருகிராம், நொய்டாவில் வேலை பார்க்கிறீர்களா? நவம்பர் முதல் ஜனவரி வரை வேண்டாம் என்பதே என் பதில். ஐஐடி கான்பூர் 2016-ல் கொடுத்த அறிக்கைப்படி, டெல்லியின் குளிர்கால பிஎம் 2.5-ல் சுமார் கால் பங்கு விறகு, வைக்கோல் போன்றவற்றை எரிப்பதால் வருகிறது. அங்கே காற்று மோசமாகும்போது 'கிராப்' என்ற படிநிலைக் கட்டுப்பாடுகள் அமலுக்கு வரும். ஹோட்டல் தந்தூரில் கரியும் விறகும் தடை செய்யப்படும். காவலாளிகள் குப்பையைக் கொளுத்திக் குளிர் காயாமலிருக்க அவர்களுக்கு மின்சார ஹீட்டர் கொடுங்கள் என்று குடியிருப்போர் சங்கங்களுக்கே உத்தரவு போகும். கேட்டில் நிற்கும் காவலாளிக்குத் தடை, மாடியில் இருக்கும் நமக்கு 'ஸ்மோக்லெஸ்' என்பது நன்றாக இல்லை. அந்த ஊரில் நெருப்பு தேவைப்படும் மாதங்களும் நெருப்பு மூட்டக்கூடாத மாதங்களும் ஒன்றேதான். அப்புறம் எதற்கு அந்தப் பொருள்?

பெங்களூரு, ஹைதராபாத், புனேயில் தனி வீடும் கொஞ்சம் திறந்த இடமும் இருந்தால் யோசிக்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப்பில் அன்றைய ஏக்யூஐ பாருங்கள். 100-க்குள் இருந்து, லேசான காற்றும் இருந்தால் சரி. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தாலோ, பக்கத்து வீட்டு ஜன்னல் பத்தடியில் இருந்தாலோ விட்டுவிடுங்கள். அபார்ட்மென்ட் பால்கனி என்றால் பேச்சே இல்லை.

இந்தப் பொருள் உண்மையில் பொருந்துவது மலை ஊர்களில்தான்: கூர்க், சிக்மகளூரு, ஊட்டி, மூணாறு, உத்தராகண்ட். அங்கே ஒரு எச்சரிக்கை. காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவதும், நெருப்பைக் கொண்டுபோவதும்கூட வனச் சட்டங்களின்படி குற்றம். எடுத்துச் செல்லக்கூடியது என்பதால் காரில் போட்டுக்கொண்டு காட்டோரத்தில் இறக்கலாம் என்று அர்த்தமில்லை. பிப்ரவரி முதல் மே வரை காய்ந்த புல் இருக்கும் எஸ்டேட்டில், அது தனியார் இடமே ஆனாலும், பறக்கும் ஒரு பொறி போதும். வாய்க்கு மேலே போடும் கம்பி வலை மூடி சேர்த்து வாங்குங்கள்.

சென்னை? ஜனவரியில்கூட இரவுக் குளிர் லேசானதுதான். குளிர் காய அல்ல, மூடுக்காகத்தான் என்று நீங்களே ஒத்துக்கொண்டால் ஒரு விளக்கு போதுமே என்று எனக்குத் தோன்றுகிறது. வாங்குவது உங்கள் இஷ்டம்.

எந்த ஊரிலும் ஒன்று பொது: காய்ந்த இலை, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் எதையும் இதில் போடக்கூடாது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் நாடு முழுக்கத் தடை செய்து, 5,000 ரூபாய் அபராதமும் வைத்தது. பெருமளவு எரித்தால் 25,000.

சரி, வாங்குறதுன்னா எதைப் பார்க்கணும்?

முதலில் சுவரைப் பாருங்கள். விற்பனைப் பக்கத்தில் 'ஸ்மோக்லெஸ்' என்று போட்டுவிட்டு, பூ டிசைன் வெட்டிய ஒற்றைச் சுவர் டிரம் அனுப்புபவர்கள் உண்டு. அது வெறும் ஓட்டை டிரம். இரட்டைச் சுவர், அடியில் துளை, உள்வாயில் துளை வரிசை, விறகு நிற்க ஒரு சல்லடைத் தட்டு: இந்த நான்கும் இல்லையென்றால் ஸ்மோக்லெஸ் இல்லை. புகைப்படம் போதாது. எரிகிற வீடியோ கேளுங்கள். மேல் துளைகளில் தீ தெரிகிறதா என்று பாருங்கள்.

சைஸ் விஷயத்தில் பெரும்பாலானவர்கள் பெரியதையே வாங்குகிறார்கள். 15 அங்குல விட்டம் இரண்டு மூன்று பேருக்குப் போதும், எடை ஏழு கிலோ அளவில் இருக்கும். 19 அல்லது 20 அங்குலம் என்றால் ஐந்தாறு பேர், ஒன்பது பத்து கிலோ. 27 அங்குலம் 17 கிலோவைத் தாண்டும். அதை 'போர்ட்டபிள்' என்று சொல்வது விளம்பரதாரரின் கற்பனை. பிட் பெரிதானால் சூடாக அதிக விறகு கேட்கும். பெரிய பிட்டில் கொஞ்சம் விறகு போட்டால் மேல் துளைகள் சூடாகாது, புகைதான் மிஞ்சும். நம் விறகு மண்டியில் கிடைக்கும் துண்டுகள் இந்தப் பிட்டுகளுக்கு நீளம் அதிகம், ஒரு அடிக்குள் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

ஸ்டீலில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கேட்டால் எல்லாரும் 'எஸ்எஸ்' என்பார்கள். எஸ்எஸ் 304-ல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202-ல் நிக்கல் குறைவு, அந்த இடத்தை மாங்கனீஸ் நிரப்புகிறது; விலை குறைவு, துருவும் சீக்கிரம் பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. 202-லும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டும் 430 ரகமோ சூட்டை நன்றாகவே தாங்கும். ஆக, காந்தம் எதையும் சொல்லாது. கிரேடை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில். முதல் எரிப்பிலேயே வாய்ப் பக்கம் பொன்னிறமாகவும் நீலமாகவும் மாறுவது இயல்பு, அதற்காக ரிட்டர்ன் போட வேண்டாம்.

காயலான் கடை வாஷிங் மெஷின் டிரம்மில் நாமே செய்யலாம் என்று யூடியூப் சொல்லும். ஸ்டெயின்லெஸ் டிரம் என்றால் பரவாயில்லை. காற்று நன்றாகப் போகும், புகை கொஞ்சம் குறையும், ஆனால் ஒற்றைச் சுவர்தான். ஜிஐ வாளி, ஜிஐ டிரம் மட்டும் கூடவே கூடாது. மேல் பூச்சான துத்தநாகம் 420 டிகிரியில் உருகும், 907-ல் கொதிக்கும். அந்த ஆவியைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் மாதிரி அடித்துப்போடும். வெல்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த காய்ச்சல் அது.

இன்னொன்று, ரீலில் யாரும் சொல்லாதது: இந்தப் பிட்டின் சூடு பெரும்பாலும் நேராக மேலே போய்விடும். சாதாரண விறகுக் குவியல் பக்கவாட்டில் சூடு வீசும். இங்கே இரட்டைச் சுவர் அதைத் தடுக்கிறது. முகம் காயும், முழங்காலுக்குக் கீழே குளிரும். ஊட்டி ஜனவரியில் இது சின்ன விஷயமில்லை. சூட்டைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் குடை போன்ற டிஃப்ளெக்டர் தனியாக விற்கிறது. குளிருக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

விறகு: பாதி வெற்றி இங்கேதான்

நல்ல பிட்டில் ஈர விறகைவிட, சுமாரான பிட்டில் காய்ந்த விறகு குறைவாகப் புகையும். பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கலாம். அதை ஆவியாக்கவே நெருப்பின் சூடு செலவாகிவிடும், இரண்டாவது எரிப்புக்குத் தேவையான வெப்பம் வராது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் மாய்ஸ்சர் மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. மீட்டர் இல்லையா? இரண்டு துண்டைத் தட்டுங்கள். 'டங்'கென்றால் காய்ந்தது, 'தொப்'பென்றால் ஈரம்.

சவுக்கு அருமையாக எரியும். சீமைக்கருவேலமும் நல்ல சூடு. தேங்காய்ச் சிரட்டை பற்றவைக்க உதவும். பிளைவுட், பெயின்ட் அடித்த பழைய கதவு, பேக்கிங் பலகை வேண்டாம். பசையும் ரசாயனமும் எரிந்து மூக்குக்கு வரும். தோட்டத்தில் வெட்டிப்போட்ட அரளிக் கிளையைத் தொடவே வேண்டாம், அதன் புகையும் நச்சு.

பெரிய துண்டுகளை அடியிலும் சுள்ளிகளை மேலேயும் அடுக்கி, உச்சியில் பற்றவையுங்கள். நாம் பழகியதற்குத் தலைகீழ்தான். ஆனால் கீழிருந்து வரும் வாயு மேலே ஏற்கெனவே எரியும் தீயைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும், அதனால் தொடக்கப் புகை குறையும். பெட்ரோல், சானிடைசர் ஊற்றுவது வீரம் இல்லை.

உள்ளே கொண்டுபோகவே கூடாது, ஏன்?

மேலே சொன்ன ஆபத்து இதுதான். 2024 ஜனவரியில் டெல்லியில் மூடிய அறையில் கரி அங்கீட்டி வைத்துத் தூங்கியவர்களில், ஒரே நாளில் தெரியவந்த இரண்டு சம்பவங்களில் ஆறு பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் குழந்தைகள். அதே ஆண்டு ஆகஸ்டில் கொடைக்கானலில், பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவில்லை.

காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று ஆரம்பிக்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. தீ அடங்கி, கரி கனன்று கொண்டிருக்கும் நேரத்தில்தான் இது அதிகம் வருகிறது.

சாதாரண நெருப்பில் புகை ஒரு எச்சரிக்கை மணி. கண் எரியும், இருமல் வரும், ஜன்னலைத் திறப்போம். ஸ்மோக்லெஸ் பிட் அந்த மணியை மட்டும் எடுத்துவிடுகிறது, விஷ வாயுவை எடுப்பதில்லை. மழை வந்தது, குளிர் தாங்கவில்லை, தீதான் அணைந்துவிட்டதே, புகையும் இல்லையே என்று டென்டுக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ வராந்தாவுக்கோ தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்ற சமாதானமும் வேண்டாம். அறைக்குள் குளிர் என்றால் கம்பளி, ஹாட் வாட்டர் பேக், மின்சார ஹீட்டர். யாருக்காவது தலை சுற்றினால் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

புகையில்லாத மாற்று என்று டேபிள்மேல் வைக்கும் எத்தனால் தீக்கிண்ணங்களும் விற்கின்றன. எரிபொருள் தீர்ந்துவிட்டதென்று நினைத்து மறுபடி ஊற்றும்போது, கண்ணுக்குத் தெரியாமல் எரிந்துகொண்டிருக்கும் தீ பாட்டிலுக்குள் பாய்ந்து எதிரில் இருப்பவர்மேல் பீய்ச்சியடிக்கும். விறகு பிட்டைவிட அது பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

எங்கே வைப்பது, எப்படி அணைப்பது

மண்தரை, கல்தளம் உத்தமம். மொட்டை மாடி என்றால் பிட்டை ஸ்டாண்டில் வைத்து, கீழே இரண்டு வரிசை செங்கல் போடுங்கள். இல்லையென்றால் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு வெந்துவிடும். வாடகை வீடாக இருந்தால் அட்வான்ஸில் கழிப்பார்கள். சுற்றிலும் பத்தடிக்குள் சின்டெக்ஸ் டேங்க், துணிக்கொடி, பந்தல், கேபிள் ஒயர் எதுவும் வேண்டாம். மேலே மரக்கிளையும் வேண்டாம். நைலான், பாலியஸ்டர் துப்பட்டா, ஜாக்கெட்டைத் தள்ளி வையுங்கள். எரியும்போது வெளிச்சுவரும் தொட முடியாத சூட்டில் இருக்கும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் யாராவது ஒருவருக்கு அன்று அதுதான் வேலை.

அணைக்கத் தண்ணீர் ஊற்றினால் ஸ்டீல் நெளியும், கொதிக்கும் ஆவி கையில் அடிக்கும். தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிடுங்கள். அவசரத்துக்கு ஒரு வாளி மணல் பக்கத்திலேயே இருக்கட்டும். சாம்பலை மறுநாள் சாயங்காலத்துக்கு முன் அள்ள வேண்டாம். மேலே ஆறியிருக்கும், அடியில் கங்கு இருக்கும். அள்ளியதைத் தகர டப்பாவில் போடுங்கள், பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் அல்ல. நன்றாக ஆறிய விறகுச் சாம்பலைச் செடிக்குக் கொஞ்சமாகத் தூவலாம், ரோஜாவுக்கும் கீரைக்கும் நல்லது.